ஒரு மூச்சு வித்தியாசம்

அந்த வெள்ளிக்கிழமை காலையில், ரேடியோ நிலையத்துக்குக் கிளம்புமுன், முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் நின்று நான் ஒரு சபதம் செய்தேன். ஏனோதானோ சபதம் இல்லை. டை கட்டிக்கொண்டு செய்த சபதம்.

"துர்சுனாய்! இனிமே இந்த வீட்ல ஹ வர வேண்டிய இடத்துல ஃக வந்துச்சுன்னா, அந்தப் பேச்சு என் காதுக்குள்ள நுழையாது. நான் செவிடன். தெரிஞ்சுக்கோ!"

என் மனைவி தந்தூர் அடுப்புக்குள் தோள் வரை கையை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஃகன்னா எதுங்க, ஃகன்னா எதுங்க?"

பார்த்தீர்களா? அவள் வாயில் இரண்டும் ஒன்றுதான். இதுதான் என் வீடு.

தாஷ்கந்தில் செய்தி வாசிக்க வருகிற இளசுகளுக்கெல்லாம் உச்சரிப்புச் சொல்லித் தருகிறவன் நான். காலையில் உங்கள் ரேடியோவில் ஒரு பெண் 'ஹவா' என்று வானிலை சொல்லும்போது காது குளிர்கிறதா? அந்தக் குளிர் நான் கொடுத்தது. ஹ என்பது வேறொன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதுகிறோமே, அந்த மூச்சு. ஃக என்பது தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்டால் வருகிற சத்தம். எங்கள் மொழியில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அதற்காக ஒருவன் வீட்டில் இன்னொருவன் போய்ப் போர்த்திக்கொண்டு படுக்கலாமா?

என் பெயர் ஷாஹ்நஸர். ஷாஹ் என்றால் அரசன். ஷாஃக் என்றால் கொம்பு. ஒரு மூச்சுதான் வித்தியாசம். "எங்க ஷாஃக்நஸர் தூங்கறாரு", "எங்க ஷாஃக்நஸருக்குப் பல்வலி" என்று துர்சுனாய் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி, ரேடியோ நிலையத்தில் அரசனாக இருக்கிறவன் தெருமுனை திரும்பியதும் ஆட்டுக்கடாவாகிவிடுகிறேன். அவள் பிறந்த ஊரில் பிறந்த குழந்தை முதல் பேன் பார்க்கும் கிழவி வரை எல்லோருக்கும் முள்தான். மூச்சே கிடையாது.

இத்தனை வருஷம் பொறுத்தேன். சபதம் வரைக்கும் என்னைக் கொண்டுவந்தவன் புன்யோத்.

புன்யோத் ஒரு மாட்டு டாக்டர். மாட்டுக்கு மருந்து வாங்க மனுஷர் மருந்துக்கடைக்கு எவனாவது போவானா? போனான். ஒரு தடவை இல்லை, வாரா வாரம் போனான். அந்த மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என் ஒரே மகள் ஹுல்கர். ஹுல்கர் என்றால் வானத்தில் கொத்தாக மின்னுமே, அந்த நட்சத்திரக் கூட்டம். நான் வைத்த பெயர். அந்த ஹ-வுக்காகவே வைத்தேன்.

ஒருநாள் அவன் ஒரு முலாம்பழத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். ஆள் வாட்டசாட்டம். கை நெஞ்சில், தலை குனிந்து, மரியாதையெல்லாம் பிரமாதம். வாயைத் திறந்தான்.

"ஸலாம், ஷாஃக்நஸர் அகா! ஃகுல்கர் நல்லா இருக்காளா?"

ஒரே மூச்சில் அப்பனுக்குக் கொம்பு, மகளுக்கு முள்! இல்லை, ஒரே மூச்சில் என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சே இல்லாமல்.

"தம்பி, உங்க ஊர் எது?" என்றேன்.

சொன்னான். துர்சுனாயின் ஊருக்குப் பக்கத்து ஊர்.

"முலாம்பழத்தை வச்சுட்டுப் போ" என்றேன். வைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் துர்சுனாய் ஆரம்பித்தாள்.

"பையன்கிட்ட என்ன குறை?"

"உச்சரிப்பு."

"மாடு கண்டுபிடிச்சுச் சொல்லிச்சா?"

"எம் பொண்ணை ஆயுசு பூரா ஒருத்தன் மீன்முள்ளுன்னு கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டு நான் உயிரோட இருக்கணுமா?"

"அவளுக்கு அப்படிக் கேக்கலையாம். தேன் மாதிரி கேக்குதாம்."

"அவ காதைக் கொண்டுபோய்க் காட்டு."

"உங்க மனசைக் கொண்டுபோய்க் காட்டணும்."

இப்படிச் சொல்லிவிட்டு அவள் டீயைக் கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றி என் முன்னால் வைத்தாள். எங்களில் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றினால் மரியாதை. நிறைய ஊற்றினால் 'குடிச்சுட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். சொந்த வீட்டில் எனக்கு நிறைகிண்ணம்! ஹுல்கர் சாப்பிடாமல் எழுந்து போனாள். அவள் தட்டில் கை படாத புலாவைப் பார்த்தபோது எனக்கும் இறங்கவில்லை. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. தொடக்கத்திலேயே என் மனைவியைத் திருத்தாததுதான் தப்பு, அவளைத் திருத்தினால் வீடு திருந்தும், வீடு திருந்தினால் இந்த மாதிரி மாப்பிள்ளை வாசலிலேயே கூசி நிற்பான் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் டை, பந்தல், சபதம்.

சாயங்காலம் வந்ததும் பாடம் தொடங்கினேன். கையில் ஒரு முகக்கண்ணாடி கொடுத்தேன்.

"இதை வாய்க்கு நேரா வச்சுக்கோ. ஹா... பாத்தியா, பனி படியுது? நீ சொல்லு."

"ஃகா."

கண்ணாடியில் எச்சில் படிந்தது.

"தொண்டையை இறுக்காத. மூச்சை மட்டும் விடு. ஹா."

"ஃகா."

"ஹா!"

"ஃகா! அதைத்தானங்க நானும் சொல்றேன்?"

"நீ சொல்றது வேற, நான் சொல்றது வேற!"

"அது தெரிஞ்ச விஷயந்தானே. இதுக்கு எதுக்குக் கண்ணாடி?"

மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். ஹ சொன்னால் சுடர் ஆட வேண்டும். அவள் சொன்னாள், சுடர் அணைந்தது. இறகு வைத்தேன், பறந்து குழம்பில் விழுந்தது. ஹுல்கர் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்து, பாடம் பலன் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் பலிக்காவிட்டாலும் சபதம் நின்றது. "ஃகல்வா வேணுமா?" என்று கேட்டால் நான் சிலை. ஹல்வா எனக்கு உயிர். ஆனால் காது கேட்கவில்லையே! அவள் நிதானமாக என் பங்கையும் தின்றாள். கொள்கைக்காரன் வயிறு காய்வது உலக வழக்கம்.

ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். துர்சுனாய் எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க, எந் தம்பி ஃகாதம் இருக்கான்ல..."

அவள் தம்பி பெயர் ஹாதம். நான் பேப்பரைத் திருப்பினேன்.

"ஃகாதம் வச்சிருக்கிற கடாவை நம்ம முற்றத்துல கொஞ்ச நாள் கட்டிக்கட்டுமான்னு கேக்கறான். கட்டட்டுமா?"

நான் கால்பந்துச் செய்தி படித்தேன்.

"கட்டட்டுமாங்க?"

வானிலை படித்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், என் ரோஜாப் பாத்தியில் ஒரு கடா நிற்கிறது. கன்றுக்குட்டி அளவு கடா. கொம்பு இரண்டும் ஜிலேபி மாதிரி சுருண்டு கிடக்கிறது. வாயில் என் கடைசி சிவப்பு ரோஜா.

"யாரைக் கேட்டு இதை உள்ள விட்டே?"

"உங்களைக் கேட்டுத்தான்."

"எப்போ?"

"நேத்து. பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க. ரெண்டு வாட்டி கேட்டேன். பேசாம இருந்தீங்க. மௌனம் சம்மதம்னு எங்கப்பா சொல்லுவாரு. உங்கப்பாவும் சொல்லுவாரு."

"எனக்குத்தான் காது கேக்காதுன்னு சொன்னேனே!"

"காது கேக்காதவங்க பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்தா கடாவை எப்பக் கட்டறது?"

அப்புறம் அவள் பந்தலடியில் நின்று, "ஷாஃக்!" என்று கூப்பிட்டாள். நானும் கடாவும் ஒன்றாகத் திரும்பினோம். அவள் புல்லைக் கடாவுக்குக் கொடுத்தாள்.

நேராக டீக்கடைக்குப் போனேன். அங்கே எர்காஷ் அகா இருப்பார். பக்கத்து வீட்டு அண்ணன். முப்பது வருஷம் டிராம் ஓட்டினவர். அதனால் தண்டவாளம் மாதிரி நேராகத்தான் யோசிப்பார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தம்பி, தப்பு உம்மேலதான்" என்றார். "பொண்டாட்டி பேசும்போது பேசாம இருக்கலாமா? டிராம்ல மணி அடிக்காம விட்டா அவனவன் தண்டவாளத்துல வந்து நிப்பான்."

"அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க, அகா?"

"உடனே மணி அடி. அவ தப்பாச் சொன்ன அந்த நிமிஷமே திருத்து. நாக்கு இருக்கும்போது எதுக்குக் காதை நம்பறே?"

நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து சபதத்தைத் திருத்தி வெளியிட்டேன்.

"துர்சுனாய், இனிமே நான் செவிடன் இல்ல. நீ தப்பாச் சொன்னா உடனுக்குடனே திருத்துவேன்."

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

"உடனேவா?"

"உடனே."

"நாலு பேர் முன்னாடின்னா? பாவம், உங்களுக்குச் சங்கடமா இருக்குமே."

"எனக்கென்ன சங்கடம்? யார் இருந்தாலும் திருத்துவேன். அது என் தொழில், துர்சுனாய். டாக்டர் கல்யாண வீட்ல ரத்தத்தைப் பாத்தா கண்ணை மூடிக்குவாரா?"

"அதுவும் சரிதான்" என்றாள். அன்றைக்கு டீ பாதிக் கிண்ணம்தான் ஊற்றினாள். அரசனுக்கு ஊற்றுகிற மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது. முட்டாள்தனத்துக்கும் பெருமைக்கும் இடையே ஒரு மூச்சுகூட வித்தியாசம் கிடையாது.

மறுவாரமே அவள் மெதுவாகச் சொன்னாள்: புன்யோத் வீட்டிலிருந்து பெண் கேட்டு வரப்போகிறார்களாம். அவன் அம்மாவும், தாய்மாமன் ஜூராபாயும்.

"நான்தான் முடியாதுன்னுட்டேனே!"

"பையன்கிட்ட சொன்னீங்க. பெரியவங்க கேக்கணும்ல? முறைன்னு ஒண்ணு இருக்கு. வரட்டும், டீ குடிக்கட்டும். நீங்களே உங்க வாயால, அழகா, முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுங்க. உங்களை மாதிரி பேச ஊர்ல யாரு இருக்கா?"

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பணிவு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத பணிவு. அங்கேயே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மறுப்புரை தயாரித்தேன். ஹ வருகிற வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கோத்தேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்ததில் கண்ணாடியே தெரியவில்லை, அத்தனை பனி.

வந்தார்கள். ஜூராபாய் முலாம்பழத் தோட்டக்காரர். வெள்ளைத் தாடி, பச்சை அங்கி, முலாம்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு பார்வை. பையனின் அம்மா வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு ரொட்டிகளை மேஜை நடுவில் வைத்தாள். சம்மதம் என்றால் அந்த ரொட்டியைப் பிட்டுவிடுவார்கள். பிட்ட ரொட்டியை எந்தக் கோந்தும் ஒட்டாது. ஆகவே நான் ரொட்டியின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

மழை, பஞ்சு விளைச்சல், முட்டிவலி எல்லாம் பேசி முடித்தோம். ஜூராபாய் தொண்டையைச் செருமினார். அவருக்குச் செருமலே ஃக-தான். நான் முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, மறுப்புரையின் முதல் ஹ-வுக்கு வாயைக் குவித்தேன்.

"என்னங்க" என்றாள் துர்சுனாய், குறுக்கே புகுந்து. "பெரியவங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நம்ம ஃகுல்கரை இவங்க வீட்டுக்குக் குடுக்கலாமா?"

ஃகுல்கர்! விருந்தாளிகள் முன்னால்! இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றது. பல்லைக் கடித்தேன். மறுப்பு முதலில், திருத்தம் பிறகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தேன்.

அவள் இன்னும் தெளிவாக, இன்னும் கரகரப்பாக, ஒரு கெண்டை மீனே தொண்டையில் குறுக்கே படுத்துக்கொண்ட மாதிரி சொன்னாள்.

"நம்ம ஃக்ஃகுல்கரைக் குடுக்கலாமாங்க?"

நான் மனுஷன்தானே! இருபத்தைந்து வருஷத் தொழில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஹா!" என்றேன்.

"ஃகா?"

"ஹா!"

"சரியாக் காதுல விழலைங்க. ஃகாவா?"

"ஹா! ஹா! ஹா!" மேஜையைத் தட்டினேன். கிண்ணங்கள் குதித்தன.

வாசகர்களே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மொழியில் 'ஆமாம், சம்மதம்' என்பதற்கு என்ன சொல்லுவோம் தெரியுமா?

ஹா.

எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதற்குள் ஜூராபாய் கண்கள் கலங்கி எழுந்துவிட்டார். "அல்லா! பொண்ணைப் பெத்தவங்க ஒரு தடவை ஃகா சொல்றதுக்கே அஞ்சு தடவை நடக்க வைப்பாங்க. இவரு உக்காந்த இடத்துல அஞ்சு ஃகா சொல்லிட்டாரே! மேஜையை வேற தட்டிச் சொல்றாரே!" ரொட்டி இரண்டாகப் பிளந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதில் ஹ-வும் இல்லை, ஃக-வும் இல்லை. என் கழுத்து முறிகிற சத்தம் மாதிரி இருந்தது.

"இருங்க, இருங்க" என்றேன். "நான் சொன்ன ஹா அந்த ஹா இல்ல. இது வேற ஹா. இவ உச்சரிப்பைத் திருத்தறதுக்குச் சொன்ன ஹா!"

ஜூராபாயின் கையில் பாதி ரொட்டி அப்படியே நின்றது. பையனின் அம்மா தலைத்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டாள். "அப்போ... சம்மதமில்லைங்களா?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுப்புரை நெஞ்சில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போது உள் அறைத் திரை கொஞ்சம் விலகியிருந்தது கண்ணில் பட்டது. திரைக்குப் பின்னால் ஹுல்கர். தேநீர்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அழவில்லை. கெஞ்சவில்லை. மூச்சு விடவில்லை, அவ்வளவுதான். மூச்சைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். ஒரு ஆள் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். என் மகள் அதைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றேன் ஜூராபாயிடம். "ஹா-ன்னா ஹா-தான். அதுல என்ன ரெண்டு வகை? ரொட்டியை வைங்க."

திரைக்குப் பின்னால் ஒரு நீளமான மூச்சு வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதிலேயே சுத்தமான ஹ.

ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். ஜூராபாய் என்னைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி, ஷாஃக்நஸர் சம்பந்தி!" என்று முதுகில் தட்டினார். நான் திருத்தவில்லை. இன்னொரு ஹா என் வாயிலிருந்து வந்தால் இன்றைக்கே கல்யாணத்தையும் முடித்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

புலா எடுத்துவருகிற சாக்கில் சமையலறைக்குள் துர்சுனாயைத் துரத்திக்கொண்டு போனேன்.

"வேணும்னே பண்ணினே!"

"நான் என்ன பண்ணினேன்? கேட்டேன். நீங்க சொன்னீங்க. கொஞ்சம் நகருங்க, ஹுல்கர் தட்டு எடுக்கணும்."

நான் நகரவில்லை.

"இப்ப என்ன சொன்னே?"

"நகருங்கன்னேன்."

"அதுக்கப்புறம்!"

"ஹுல்கர்னேன்." பனி படிகிற ஹ. கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே அவள் அடுக்கினாள்: "ஹாதம். ஹல்வா. ஹவா. போதுமா?"

ஒவ்வொன்றும் ரேடியோவில் வைக்கலாம். என் மாணவர்களில் ஒருத்தருக்கும் அப்படி வந்ததில்லை.

"இது... இது எப்போலேர்ந்து உனக்கு வருது?"

அவள் புலாத் தாம்பாளத்தைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"எப்பவுமே வரும். பதிவு ஆபீஸ்ல அந்தம்மா 'இவரைக் கட்டிக்கச் சம்மதமா'ன்னு கேட்டப்ப, துளி பிசிறில்லாம ஹான்னு சொன்னவதாங்க நான். அன்னிக்கு மட்டும் கொஞ்சம் தப்பாச் சொல்லியிருந்தா, தப்பிச்சிருப்பேன்."